வட்டிக்கு வட்டி போட்ட கருந்துளை

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு ஈர்ப்பியலில் விடுபடு வேகம் வந்ததுமே, ஒளிகூடத் தப்ப முடியாத கருந்துளையும் பேச்சில் வரும்; "அது நம்மளயும் முழுங்கிருமா சார்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். பதில் சுலபம்: முழுங்காது. பால்வெளியின் நடுவில் இருக்கும் கருந்துளை சுமார் 43 லட்சம் சூரிய நிறை. நமக்கும் அதற்கும் ஏறத்தாழ 27,000 ஒளியாண்டு.

திசை காட்டுவதுதான் பாடு. ஆடியில் பொதிகை மேல் சாரல் மேகம் உட்கார்ந்துகொள்ளும். புரட்டாசியில் வானம் வெளுத்த ஒரு நாள் பார்த்து, இருட்டியதும் தெற்கே மூல நட்சத்திரத்தின் பக்கம் கையை நீட்டுவேன். 'பெண் மூலம் நிர்மூலம்' என்று கேட்டே வளர்ந்த பிள்ளை ஒருத்தி, "என் நட்சத்திரத்துக்கிட்டயா சார் இருக்கு?" என்றாள். குரலில் பெருமைதான்.

எனக்குச் சொல்லித்தரப் பிடித்தது இப்படிப்பட்ட கருந்துளைகள் வளர்ந்த கணக்கு. பெருவெடிப்புக்கு 67 கோடி ஆண்டுகளுக்குப் பிறகு இருந்த ஒரு குவாசரை, அதாவது கருந்துளை வாயுவைத் தின்பதால் பளிச்சென்று ஒளிரும் கேலக்ஸி நடுவைப் பற்றி, 2021-இல் அறிவித்தார்கள். அதன் நடுவே 160 கோடி சூரிய நிறையில் ஒரு கருந்துளை. விழுகிற வாயு சூடேறி வீசும் ஒளியே, பின்னால் வரும் வாயுவை வெளியே தள்ளும். அதனால் தீனிக்கு ஒரு உச்சம் உண்டு. எடிங்டன் வரம்பு என்பார்கள். விழுவதில் பத்தில் ஒரு பங்கு ஒளியாகப் போகிறது என்று வைத்தால், அந்த உச்சத்தில் ஓயாமல் தின்றாலும் நிறை இரட்டிக்க மூன்றரைக் கோடி ஆண்டு ஆகும். வட்டிக்கு வட்டி மாதிரிதான்.

இனி கரும்பலகை. செத்த விண்மீன் ஒன்று விட்டுப்போன 100 சூரிய நிறையில் தொடங்கினால் 24 முறை இரட்டிக்க வேண்டும்: 84 கோடி ஆண்டு. பிரபஞ்சத்துக்கே அப்போது அவ்வளவு வயதில்லை! வாயு மேகமே நேரடியாக இடிந்து விழுந்து, முதலே ஒரு லட்சம் சூரிய நிறை என்றால் 14 முறை, 49 கோடி. கணக்கு உட்காருகிறது. கோயம்புத்தூரில் பிறந்த வானியற்பியலாளர் பிரியம்வதா நடராஜன் வெகுநாளாக ஆராய்ந்துவரும் வழி இதுதான். 2023-இல் சந்திரா, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிகள் சேர்ந்து காட்டிய யுஎச்இசட்1 என்ற தொலைதூரக் கேலக்ஸி இதற்கு வலு சேர்த்தது. நம் பக்கத்துக் கேலக்ஸிகளில் கருந்துளை, நடுப்புடைப்பின் (நடுவே விண்மீன்கள் திரண்டு புடைத்திருக்கும் பகுதி) நிறையில் ஆயிரத்தில் சில பங்குதான். அங்கேயோ கேலக்ஸியின் மொத்த விண்மீன்களுக்குச் சமமாக நிற்கிறது.

நம் பக்கத்தில் ஆயிரத்தில் சில பங்கே இருக்கும் கருந்துளை கேலக்ஸியை எப்படி ஆட்டிவைக்கும்? நடுப்புடைப்பில் விண்மீன்கள் ஓடும் வேகம் கூடக்கூடக் கருந்துளையின் நிறையும் கூடுகிறது என்று 2000-இல் இரண்டு குழுக்கள் காட்டின. அந்த விண்மீன்களில் பெரும்பாலானவை அதன் ஈர்ப்புக்கு எட்டாத தூரத்தில் இருப்பவை. ஆகவே ஈர்ப்பு காரணமில்லை. கருந்துளை தின்னும்போது கிளம்பும் காற்றும் வெப்பமும் வாயுவைத் துரத்திவிடுகின்றன. புது விண்மீன் பிறப்பது குறைகிறது, அதற்கும் தீனி நின்றுபோகிறது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம்.

போன முறை 1,000 சூரிய நிறையில் தொடங்கிப் போடச் சொன்னேன். 72 கோடி வந்தது; பிரபஞ்சத்துக்கு அப்போது வயதோ 67 கோடி. கடைசி பெஞ்சுக்காரன் எழுந்து, "அஞ்சு கோடிதான சார் இடிக்கி, வரம்ப மீறி கொஞ்ச நாள் தின்னுருக்கக் கூடாதா?" என்றான். ஆராய்ச்சியாளர்களில் ஒரு சாரார் வாதிடுவதும் அதைத்தான். மீதி வகுப்பு அவன் கேள்வியிலேயே போயிற்று.