வரவு வைக்காத பேட்டரி

பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே இரண்டு படுக்கையும் சிறியதோர் அடுப்படியும் அமைத்து, நகரத்தார்களாகிய எங்களுக்குரிய ஒன்பது நகரக் கோயில்களையும் அவசரமில்லாமல் இரண்டு மூன்று நாள் தங்கிச் சுற்றி வரலாம் என்று நான் சொன்னபோது, செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு வளவில் கூடியிருந்த அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: அதில் எத்தனை பிளக் பாயிண்ட் இருக்கும்? மின்சாரம் எங்கிருந்து வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

ஆத்தாவின் நிபந்தனை மிக்சி. மிளகாய்த் துவையல் இல்லாமல் வெள்ளைப் பணியாரத்தைப் பரிமாறுவதைவிடப் பயணமே போகாமல் இருந்துவிடலாம் என்பது அவர் கட்சி. அப்பத்தாவுக்கு இரவு முழுவதும் காற்றாடி ஓட வேண்டும். அத்தான் இண்டக்‌ஷன் அடுப்பு கேட்டார். 2000 வாட் அடுப்பு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 180 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், 100 ஆம்பியர்-மணி பேட்டரி அரை மணி நேரத்தில் படுத்துவிடும் என்று விளக்கியதும், கேஸ் அடுப்பே இருக்கட்டும் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்.

முதல் முயற்சியில் செலவு கூடாதென்று, வீட்டில் சும்மா கிடந்த ஸ்கொயர் வேவ் (சதுர அலை) இன்வெர்ட்டரையும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியையும் வேனில் ஏற்றினோம். ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும் அந்தப் பேட்டரியை இரண்டு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்கிப் பின்பக்கம் வைத்தோம். இன்வெர்ட்டர் மூன்று மீட்டர் தள்ளி முன்பக்கம் இருந்தது. இரண்டையும் இணைக்கக் கையில் கிடைத்த 6 சதுர மில்லிமீட்டர் வயரே போதும் என்று நானே முடிவு செய்தேன். ஆத்தா ஜாரில் வரமிளகாயும் பூண்டும் புளியும் போட்டு மிக்சியைத் திருகினார். அது அரைச் சுற்று சுற்றி உறுமியது. இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. மூன்று முறை இதே கதை. மிளகாய் விதைகள் மட்டும் ஜாரின் மூடியில் போய் ஒட்டிக்கொண்டன.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. மிக்சி கிளம்பும் நொடியில் பேட்டரி முனையில் 12 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது, இன்வெர்ட்டர் முனையிலோ 10 வோல்ட்டுகூட இல்லை. மீதியை அந்த ஒல்லி வயரே தின்றுவிட்டிருந்தது. 750 வாட் மிக்சி ஓடும்போதே 70 ஆம்பியர் வேண்டும், கிளம்பும்போது அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கேட்கும் என்பதெல்லாம் துவையல் கெட்ட பிறகே உறைத்தது.

இந்த இடத்தில் அப்பச்சி, அதாவது என் அப்பா, தலையிட்டார். பேட்டரி உள்ளிட்ட மின்வேதியியல் ஆராய்ச்சிக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்ட காரைக்குடியை இத்தனை பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு துவையல் அரைக்க வக்கில்லையா என்று கேட்டார். பிறகு நீள நோட்டு ஒன்றை எடுத்து, வரவு, செலவு, இருப்பு என்று கோடு போட்டார்.

செலவுப் பக்கம் விறுவிறுவென்று நிரம்பியது. 30 வாட் காற்றாடி இரண்டு, எட்டு மணி நேரத்துக்கு 480 வாட்-மணி; சிறு ஃபிரிட்ஜுக்கு ஏறத்தாழ 400; மிக்சிக்குப் பத்து நிமிடம் என்றால் 125; விளக்கும் செல்போனும் 100. இன்வெர்ட்டர் மாற்றிக் கொடுப்பதில் பத்து பதினைந்து சதவீதம் போகும் என்றேன், 'தரகு' என்று எழுதிக்கொண்டார். ஒன்றும் ஓடாதபோதும் அது 15 வாட் எடுக்கும், நாள் முழுவதும் விட்டு வைத்தால் 360 வாட்-மணி என்றதும் பேனாவை நிறுத்தினார். "சும்மா உட்கார்ந்திருக்கிற கணக்கப்பிள்ளைக்கு இவ்வளவு சம்பளமா? வேலையில்லாத நேரத்தில் அணைத்து வை, தம்பி" என்றார். அந்தக் கனத்த பேட்டரிக்குப் பதிலாக வைக்கவிருந்த 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் மொத்தக் கையிருப்பே 1280 வாட்-மணிதான்.

வரவுப் பக்கத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். வண்டி ஓடும்போது, எஞ்சின் சுழற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து ஏறிவிடும் என்று நம்பியிருந்தேன். பி.எஸ்.6 புகை விதிப்படி வந்த வண்டிகள் பலவற்றில் வண்டியின் சொந்தப் பேட்டரி நிறைந்ததும் ஆல்டர்னேட்டர் தன் வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், இடையில் வோல்ட்டைத் தேவைக்கேற்ப மாற்றித் தரும் ஒரு டி.சி.-டி.சி. சார்ஜர் வேண்டும், அது 30 ஆம்பியர் கொடுத்தாலும், நகரக் கோயில்கள் எல்லாம் கிட்டக் கிட்ட இருப்பதால் ஒரு நாளில் எஞ்சின் ஓடுவது ஒன்றரை மணி நேரம், வரவு 45 ஆம்பியர்-மணி. கூரையில் 200 வாட் சோலார் பலகை போடலாம், ஆனால் வேனை வெயிலில் நிறுத்தினால் அப்பத்தா கொதிப்பார், வேப்பமரத்தடியில் நிறுத்தினால் பலகை தூங்கும். ஆகவே வீட்டுக் கரண்டில் ஏற்ற 20 ஆம்பியர் சார்ஜரும் சேர்ந்தது. என்னைக் கேட்டால், கடைக்குப் போகிறவர் சார்ஜரைத் தீர்மானித்த பிறகே இன்வெர்ட்டரைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

கடைசியில் வீட்டுக் கரண்டைப் போலவே சீரான அலை தரும் 1500 வாட் சைன் வேவ் இன்வெர்ட்டர், பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள், 35 சதுர மில்லிமீட்டர் கேபிளில், பேட்டரியை ஒட்டி ஒரு ஃபியூஸுடன் அமைந்தது. மிக்சி உறுமாமல் ஓடியது. ஆத்தா துவையலை விரலால் தொட்டுப் பார்த்து, உப்பு குறைவு என்றார். அதற்கு நான் பொறுப்பில்லை.

கிளம்புவதற்கு முந்தைய இரவு ஊரில் கரண்ட் போயிற்று. முகப்பில் நின்ற வேனிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் பட்டாலைக்குள் நுழைந்தது. அப்பத்தாவின் காற்றாடி, அத்தானின் கிரிக்கெட், பக்கத்து வீட்டு ஆச்சிகளின் செல்போன்கள் என்று பத்து மணிக்குள் அந்த வயரில் ஊரே தொங்கியது. விடியற்காலையில் கரண்ட் வந்தபோது பேட்டரி தன்னைத் தானே அணைத்துக்கொண்டிருந்தது. 20 ஆம்பியரில் ஐந்து மணி நேரம் ஏற்றி, ஒன்பதில் ஒன்றான இளையாத்தங்குடிக்குக் காலையில் கிளம்ப வேண்டியவர்கள் உச்சிவெயிலில் கிளம்பினோம்.

அப்பச்சி நோட்டைப் பிரித்து, 'வீட்டுக்குக் கைமாற்று, 100 ஆம்பியர்-மணி' என்று செலவுப் பக்கத்தில் எழுதிவிட்டு, வட்டி எவ்வளவு போடலாம் என்று என்னைக் கேட்டார்.