பெரியவளுக்கு உண்டு, சின்னவளுக்கு இல்லை

இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு உதவும் ஒரு டிரஸ்டில் முகாம் வேலைக்கு வந்த பிறகு, குடியுரிமைச் சட்டம் மாறிய இரண்டு தேதிகள் எனக்கு மனப்பாடம். 1987 ஜூலை 1, 2004 டிசம்பர் 3. யாராவது பிறந்த வருஷத்தைச் சொன்னால் போதும், அது எந்தத் தேதிக்கு இந்தப் பக்கம், எதற்கு அந்தப் பக்கம் என்று மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். தாரமங்கலம் பக்கத்து முகாமில் ஒரு அக்காவிடம் அந்தக் கணக்கை வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அப்படி நினைக்கிறவன் ஏன் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்குப் பதில் இல்லை.

2024 நாடாளுமன்றத் தேர்தல் முடிந்த சமயம். திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருக்கும் ஒரு பெண் ஓட்டுப் போட்ட செய்தி எல்லா முகாம்களிலும் பேச்சாக இருந்தது. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்தவர் அவர். அதைக் காட்டி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய், 2022-ல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கி, அப்புறம் வாக்காளர் அட்டையும் வாங்கியவர். செய்தியைப் பார்த்துவிட்டு அக்கா போன் செய்தார். “தம்பி, நானும் மண்டபத்திலதான் பிறந்தனான். அதே வருசம்.”

நான் போனபோது அக்கா கொலுசு வேலையில் இருந்தார். சேலத்துப் பட்டறையிலிருந்து வாங்கி வந்த கொலுசுகள் ஒரு எவர்சில்வர் தட்டில் கிடந்தன. குறடால் வளையத்தைத் திறந்து, சலங்கையைக் கோர்த்து, மறுபடி நெருக்கிவிட வேண்டும். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. பேச்சு முழுக்க அந்தக் கை நிற்கவில்லை.

சட்டத்தில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. 1955 குடியுரிமைச் சட்டத்தின் பிரிவு 3 அது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் முடிய இந்தியாவில் பிறந்திருந்தால், தூதரகக்காரர் பிள்ளைகள் மாதிரி சில விலக்குகள் தவிர, பிறப்பாலேயே குடியுரிமை. பெற்றோர் எந்த நாட்டுக்காரர் என்று கேட்பதில்லை. அதற்குப் பிறகு, 2004 டிசம்பர் 3-க்கு முன்பு வரை, பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும். அந்தத் தேதியிலிருந்து, ஒருவர் குடிமகனாகவே இருந்தாலும் இன்னொருவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் படகில் வந்தவர்களை மத்திய அரசு அந்தப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

அக்காவின் வீட்டுக்காரர் 1990-ல் சின்னப் பையனாகப் படகில் வந்தவர். இப்போது பெயிண்டிங் வேலை. பெரிய மகள் 2003-ல் பிறந்தவள், சின்ன மகள் 2006 நவம்பரில்.

“அப்ப எனக்கு இருக்கு” என்றார் அக்கா.

“இருக்குக்கா. கோர்ட்டுக்குப் போக வேண்டி வரலாம்.”

“பெரியவளுக்கு?”

“உங்களுக்கு இருந்தா அவளுக்கும் இருக்கு.”

“சின்னவளுக்கு?”

சின்னவளுக்கு இல்லை என்று சொன்னேன். அவள் அப்பா படகில் வந்ததையும் 2004-ல் சட்டம் மாறியதையும் விளக்கினேன். பிரிவு 5(4)-ல், சிறப்புச் சூழல் என்று மத்திய அரசு நினைத்தால் பதினெட்டு நிறையாத பிள்ளையைப் பதிவு செய்யலாம் என்று இருப்பதையும் சொன்னேன். அப்படி யாருக்கும் கிடைத்து நான் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

“அப்ப வேண்டாம் தம்பி. நாளைக்குச் சின்னவள் என்னைத்தான் கேப்பாள்.”

அவ்வளவுதான் பேச்சு. டீ போட்டுக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

இதைத்தான் மனசு திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது. செக்கிங் நாளில் வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) வந்து தலையை எண்ணுவார். போலீஸ் உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச்காரர் வந்து யார் இருக்கிறார், யார் வெளியூர் போயிருக்கிறார் என்று கேட்பார். குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 500 என்று மாதாமாதம் பணம் வரும். 2021-ல் அகதிகள் முகாம் என்ற பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். இத்தனை அதிகாரிகள் வந்து போகிற அந்த வீட்டில், அக்காவிடம் வந்து உன் ஒரு மகள் இந்த நாட்டுக்காரி, இன்னொரு மகள் இல்லை என்று ஒருவரும் சொன்னதில்லை. சொன்னது நான். உதவி செய்யத்தான் போனேன்.

எங்கள் ஆபீசில் மூத்தவர் ஒருவர், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பார். அக்கா கேட்டார், சொன்னேன். கேட்ட பிறகு மழுப்பியிருந்தால் அது நியாயமா? பெரியவளின் பேப்பரை முதலில் நகர்த்திவிட்டு, சின்னவள் விஷயத்தை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தால் அக்கா சம்மதித்திருப்பார். அதுவும் தெரியும். ஆனால் அப்படிச் சம்மதம் வாங்குவது எனக்குப் பழக்கமில்லை. இதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது, அந்தப் பெருமை அவ்வளவு சுத்தமானதில்லை என்றும் தோன்றுகிறது.

ஏனென்றால், அக்கா வேண்டாம் என்றதும் எங்கள் டிரஸ்டுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. “கேஸ் போடறதுன்னா போடட்டும், நம்ம லெட்டர்பேட் மட்டும் வேண்டாம்” என்று இயக்குநர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் வந்தது. பெரிய அமைப்புகள் பிரித்துக் கொடுத்த பணத்தில் ஓடிய எங்களைப் போன்றவர்கள் அன்றைக்கே பாதியானோம். நன்கொடைப் பதிவைப் புதுப்பித்துத் தருவது உள்துறை அமைச்சகம். யார் குடிமகன், யார் வெளிநாட்டவர் என்று கோர்ட்டில் எதிர்மனு போடுவதும் அதே அமைச்சகம். மிச்சத்தை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. என் சம்பளமும் அந்த வழியாகத்தான் வருகிறது.

2025 செப்டம்பர் 1-ல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அமலுக்கு வந்தது. கூடவே ஒரு விலக்கு ஆணை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது என்றார்கள். முகாமில் பட்டாசு வெடிக்காத குறை. தண்டனை இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், குடியுரிமை தருவதாகச் சொல்லவில்லை என்று வீடு வீடாக விளக்குகிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது. சின்னவளுக்கு அதற்குள் பதினெட்டு நிறைந்துவிட்டிருந்தது. பிரிவு 5(4) பேச்சும் அதோடு முடிந்தது.

அப்புறம் ஒரு நாள் பெரியவள் கூப்பிட்டாள். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். 2024-ல் அந்தப் பேச்சு நடந்தபோது அவள் வாசல்படியில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மாதான் பேசினார், அம்மாவுக்குத்தான் நான் பதில் சொன்னேன்.

“அண்ணா, அம்மாவோட பர்த் சர்டிபிகேட் ஜெராக்ஸ் உங்க ஆபீஸ்ல இருக்குல்ல?”

“இருக்கு. அம்மாகிட்ட சொல்லிட்டியா?”

“சொன்னா தர மாட்டாங்கண்ணா. உங்களுக்கே தெரியும்.”

அவள் மேஜர். அம்மா சம்மதித்தால்தான் உண்டு என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. ஆனால் அதை நிரூபிக்கும் காகிதம் அம்மாவுடையது, அம்மா என்னை நம்பிக் கொடுத்தது. அவரவர் காகிதத்தை அவரவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் விதி. அந்த விதியை எழுதச் சொல்லிப் பிடிவாதம் பிடித்ததே நான்தான். கியூ பிராஞ்ச் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று அப்போது வாதாடினேன். இப்போது அதே விதியை வைத்து ஒரு பெண்ணை நிறுத்தி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மனு நாளுக்குக் கலெக்டர் ஆபீஸ் வருவேன், அங்கே பேசுவோம் என்று சொல்லி வைத்தேன்.

அவள் வரவில்லை. போன வாரம் மறுபடி போன்தான் வந்தது. ஜெராக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மண்டபத்தில் அம்மாவின் பிறப்புப் பதிவை மகள் எழுதிப் போட்டு வாங்க முடியுமா, அம்மா கையெழுத்து வேண்டுமா என்று கேட்டாள். 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் பிரிவு 17-ன்படி யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பதிவைத் தேடி நகல் கேட்கலாம், கையெழுத்து தேவையில்லை என்றேன். பிரிவு எண்ணை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள்.