எரிக்சனின் எட்டும் ஜோன் சேர்த்த ஒன்பதும்

ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் ஒரு எண்தான். எட்டு. குழந்தை மேம்பாடு பகுதியில் வரும் 30 கேள்விகளில் பியாஜே, கோல்பர்க், வைகாட்ஸ்கி கூட்டத்தோடு இவரும் எங்காவது தலைகாட்டுவார், ‘உளசமூக வளர்ச்சிக் கட்டங்கள் எத்தனை’, ‘மூன்று முதல் ஆறு வயது வரை எது எதிர் எது’ என்று. கையேட்டில் ஒரே ஒரு அட்டவணை, நம்பிக்கை எதிர் அவநம்பிக்கையில் தொடங்கி நிறைவு எதிர் விரக்தியில் முடியும், உருப்போட்டால் ஒரு மார்க். அந்த அட்டவணையை யார், எந்த வயதில் உட்கார்ந்து போட்டார்கள் என்று கையேடு சொல்லாது. விஷயமே அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

எரிக்சனுக்கு முன்னால் வளர்ச்சி என்றாலே பெரும்பாலும் குழந்தைப் பருவம்தான். ஃபிராய்டைக் கேட்டால் ஐந்தாறு வயதுக்குள் ஆளுக்கு அடித்தளம் போட்டாயிற்று. பியாஜேயின் கடைசிக் கட்டம் பதினொன்று, பன்னிரண்டு வயதில் தொடங்கிவிடுகிறது. அதற்கப்புறம் வாழ்கிற ஐம்பது, அறுபது வருடம்? அங்கேயும் வளர்ச்சி உண்டு, சாகிற வரைக்கும் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு இழுபறி உண்டு என்று 1950-இல் வந்த தன் முதல் புத்தகத்தில் எரிக்சன் எழுதினார். (நம் இலக்கணக்காரர்கள் பேதை, பெதும்பை என்று எண்ணிக்கொண்டே வந்து நாற்பது வயதுப் பேரிளம்பெண்ணோடு கடையைச் சாத்திவிட்டார்கள்.)

எரிக்சன் 1902-இல் பிராங்க்பர்ட்டில் பிறந்தவர். பெற்ற தகப்பன் யார் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. வளர்ப்புத் தந்தை ஹோம்பர்கர் என்ற குழந்தை மருத்துவர், பள்ளியில் அவர் பெயர்தான். 1939-இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கும்போது எரிக்சன் என்று தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டார். ‘அடையாள நெருக்கடி’ என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர் இப்படிப்பட்ட ஆள் என்பதில் ஆச்சரியமே இல்லை. ஓவியம் படித்துத் திரிந்தவர், வியன்னாவில் அன்னா ஃபிராய்டிடம் பயிற்சி பெற்றவர், பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாமலே பிற்பாடு ஹார்வர்டில் பேராசிரியரானவர். மனைவி ஜோன், கனடாக்காரர், நடனம் படித்தவர். அட்டவணை இருவரும் சேர்ந்து போட்டது என்பதையும் கையேடுகள் சொல்வதில்லை.

ஜோன் எழுதிவைத்த ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்போது பெர்க்லியில் குடியிருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸில் எரிக் இந்தக் கட்டங்களைப் பற்றிப் பேச வேண்டும், ரயிலைப் பிடிக்கப் போய்க்கொண்டிருக்கிறார்கள், வண்டியை எரிக் ஓட்டுகிறார், ஜோனின் மடியில் அட்டவணை. அப்போது அதில் ஏழு கட்டம்தான். ஷேக்ஸ்பியரும் மனுஷ வாழ்க்கைக்குப் பருவம் ஏழு என்றுதான் சொன்னார், ஆனால் குழந்தைகள் விளையாடுகிற வயதை விட்டுவிட்டாரே என்று பேசிக்கொண்டே போனவர்களுக்கு, சரி, நாம் எதை விட்டோம் என்ற சந்தேகம் வருகிறது. பார்த்தால் விட்டது தங்களையே! இளவயதின் நெருக்கத்திலிருந்து அட்டவணை நேரே கிழப் பருவத்துக்குத் தாவியிருக்கிறது. நடுவில் பிள்ளை வளர்ப்பு, வேலை, அப்போது எழுதிக்கொண்டிருந்த புத்தகம், இருவரும் அன்றாடம் மூச்சுமுட்ட வாழ்ந்துகொண்டிருந்த வருடங்கள் எதுவுமே இல்லை. ஏழாவதாக ஆக்கத்திறன் (அடுத்த தலைமுறையை வளர்த்து ஆளாக்குவது) எதிர் தேக்கம் வந்து சேர்ந்து, கணக்கு எட்டானது இப்படித்தான்.

நடுவயதைக் கண்டுபிடித்துவிட்டார்கள், நல்லது. ஆனால் எட்டாவது? அதைப் போட்டபோதும் இருவருக்கும் நாற்பது சொச்சம்தான். வாழ்ந்து முடித்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து, இது என்னுடையது, இப்படித்தான் நடந்திருக்க முடியும் என்று ஏற்றுக்கொண்டால் நிறைவு, முடியாவிட்டால் விரக்தி. சொல்ல அழகாக இருக்கிறது. எனக்கென்னவோ இது தூரத்திலிருந்து பார்த்த முதுமை, சாய்வு நாற்காலியும் மூக்குக் கண்ணாடியும் ஞானமுமாக. மூட்டுவலி எங்கே, மூன்று முறை எழுந்திருக்கிற ராத்திரி எங்கே?

எரிக் 1994-இல் 91 வயதில் இறந்தார். தொண்ணூறைத் தாண்டிய ஜோன் தங்களுடைய இன்னொரு பழைய புத்தகத்தை மறுபடி எடுத்து, ஒன்பதாவது கட்டம் என்று ஒரு பகுதியைச் சேர்த்தார். 1997-இல் வந்தது, அந்த வருடமே அவரும் போய்விட்டார். எண்பது வயதில்கூட நாங்கள் முதுமையை உள்ளபடி எதிர்கொள்ளவில்லை, தொண்ணூறை நெருங்கியபோதுதான் உறைத்தது என்று எழுதுகிறார். அப்புறம் அவர் செய்வதுதான் முக்கியம்: பழைய எட்டு இழுபறிகளையும் எடுத்துத் தலைகீழாகப் போடுகிறார். அவநம்பிக்கை முதலில், நம்பிக்கை பிறகு. வெட்கமும் சந்தேகமும் முதலில், தன்னாட்சி பிறகு. ஏனென்றால் அந்த வயதில் கை ஓங்குவது இருண்ட பக்கம்தான், குழந்தையில் ஜெயித்த ஆட்டத்தையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப ஆட வேண்டியிருக்கிறது, இந்த முறை உடம்பு நம் பக்கம் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள்தான் ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு 87. ஒருமுறை வழுக்கி விழுந்ததிலிருந்து உள்ளே தாழ் போடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தினமும் காலையில் இதற்கு ஒரு சண்டை. “நான் என்ன பச்சப்புள்ளயா?” என்று கத்துவார், நாங்கள் வெளியே நின்று, “அப்பா, சும்மா சாத்திக்குங்க, யாரும் வரமாட்டோம்” என்போம், உள்ளிருந்து டக்கென்று தாழ் விழும். கடைசியில் தம்பி ஒருநாள் ஆசாரியைக் கூட்டிவந்து தாழ்ப்பாளையே கழற்றிவிட்டான். அப்பா அன்று முழுக்க எங்களோடு பேசவில்லை. மறுநாளிலிருந்து உள்ளே போனதும் பிளாஸ்டிக் வாளியை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டார். எரிக்சனின் இரண்டாம் கட்டத்தில், ஒன்றரை வயதுக் குழந்தை கழிப்பறைப் பழக்கத்தில்தான் ‘என் உடம்பு என் சொல் கேட்கும்’ என்பதைக் கற்கிறது, அதில் மற்றவர்கள் ஓவராகத் தலையிட்டால் வெட்கமும் சந்தேகமும் தங்கிவிடும். அதே அறை, அதே பஞ்சாயத்து, நடுவில் எண்பத்தைந்து வருடம். வாளியை நாங்கள் எடுக்கவில்லை. தள்ளினால் நகர்ந்துவிடும், அது போதும்.

இதற்காக எரிக்சனைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆடவும் மனசு வரவில்லை. 1944-இல் அவர்களுக்கு டவுன் நோய்க்குறியோடு ஒரு மகன் பிறந்தான். உடனே ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டார்கள், மகளிடம் குழந்தை பிறந்ததுமே இறந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொல்வார்கள் என்பது வாஸ்தவம். ஆனாலும் ஆரோக்கியமான மனிதன் எப்படிப் படிப்படியாக வளர்கிறான் என்று அந்த வீட்டில் அடுத்த சில வருடங்களில்தான் எழுதப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு, அந்த நேர்த்தியான கட்டங்களை நான் முன்புபோலப் பார்ப்பதில்லை. பெண்கள் விஷயத்திலும் அவர் தடுமாறியிருக்கிறார், அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

கட்டமே வேண்டாம் என்றவர்களும் உண்டு. உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் சொல்வது, வயது அல்ல, மிச்சம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மனசு போடுகிற கணக்குதான் ஆளை மாற்றுகிறது என்று. அரை மணி நேரம் கிடைத்தால் யாரோடு கழிப்பீர்கள், வீட்டு ஆளோடா, புதிதாக அறிமுகமானவரோடா, சமீபத்தில் படித்த புத்தகத்தை எழுதியவரோடா என்று கேட்டால் வயதானவர்கள் அதிகமும் வீட்டு ஆளைச் சொல்வார்கள், இளைஞர்கள் அப்படி இல்லை. ஆனால் ஹாங்காங் 1997-இல் சீனாவின் கைக்குப் போவதற்குச் சற்று முன்னால் கேட்டபோது இளைஞர்களும் கிழவர்கள் மாதிரியே சொன்னார்கள், ஒரு வருடம் கழித்துக் கேட்டபோது பழையபடி இளைஞர்களாகிவிட்டார்கள். எட்டு, ஒன்பது என்று எண்ணுவதைவிட இது எனக்கு நெருக்கமாகப் படுகிறது. அப்பா கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது, ஆனால் கூட வேலை பார்த்த இரண்டு பேருக்கு மட்டும் சாயங்காலமானால் போன் போட்டாக வேண்டும், அதில் ஒருவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது, இவர் கத்துவது தெருமுனை வரை கேட்கும். மனுஷன் ஒடுங்கிப்போய்விட்டார், ஏதாவது டாக்டரிடம் காட்டு என்கிறாள் அத்தை. அத்தைக்கு நான் எங்கே போய் கார்ஸ்டென்சனை விளக்குவது, முட்டிவலி அத்தை, அதான் எங்கேயும் வரமாட்டேங்குறார் என்று சொல்லிவிடுகிறேன்.