டியூக் எப்போது ‘நீ’ சொல்வார்?

யாங்கோன் பான்சோடான் தெரு நடைபாதைக் கடையில் பொறுக்கிய புத்தகம். அட்டையும் இல்லை, தலைப்புப் பக்கமும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே டியூக் பட்டம் கொண்ட பெரிய பிரபு ஒருவர் வண்டியை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து இங்கிலாந்து, பெரிய வீட்டுப் பிள்ளைகள், நடனம், கல்யாணப் பேச்சு; படித்தால் சிரிப்பு வரும் ரகம்.

அத்தைக்குக் கண்புரை எடுத்து மூன்று வாரம்தான் ஆகிறது. படிக்கக் கூடாது. சீரியல் பார்க்கலாம் என்றால் எங்கள் தெருவில் பொழுது சாய்ந்ததும் கரண்டு போய்விடும். அதனால் சார்ஜ் லைட்டை மடியில் வைத்துக்கொண்டு, இங்கிலீஷைக் கண்ணால் பார்த்து வாயால் தமிழில் சொல்லிக்கொண்டு போவேன்.

பாதி சாமான் தானாகவே தமிழுக்கு வந்துவிட்டது. வண்டி சாரட்டு. சீதனம் சீதனமேதான். கல்யாணமாகாத பெண்ணோடு நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு போகும் பெரியம்மாவை அத்தைக்கு விளக்கவே தேவைப்படவில்லை. ஆல்மாக்ஸுக்குத்தான் கொஞ்சம் மூச்சு வாங்கியது. லண்டன் கிங் தெருவில் இருந்த நடன மண்டபம் அது. புதன்கிழமைதோறும் நடனம். பணம் மட்டும் இருந்தால் போதாது, அனுமதிச் சீட்டு வேண்டும். அதைக் கொடுப்பதும் மறுப்பதும் சில சீமாட்டிகளின் கையில். ராத்திரி 11 மணிக்கு மேல் யார் வந்தாலும் கதவு திறக்காது.

“அவ்வளவு கெடுபிடி பண்ணி என்ன சாப்பாடு போட்டாங்க?”

“எலுமிச்சை ஜூஸ், டீ, வெண்ணெய் தடவின ரொட்டி.”

“நம்ம கோயில் அன்னதானத்துக்குக் கால் தூசி பெறாது. இதுக்கா இந்த அலட்டல்?”

என்னைத் திணற வைத்தது வேறு. இங்கிலீஷில் நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே சொல். 1811 முதல் 1820 வரை, ராஜா மூன்றாம் ஜார்ஜுக்குப் புத்தி பேதலித்துப்போய் மகன் ஆண்ட காலத்துக் கதை இது. அவர்கள் நெருக்கத்தைப் பெயரில் காட்டினார்கள். ‘மிஸ் இன்னார்’ என்று கூப்பிட்டவன் வெறும் பெயரைச் சொல்லிவிட்டால் கதை முற்றிவிட்டது என்று அர்த்தம். தமிழில் அப்படிக் காத்திருக்க முடியாதே! முதல் வணக்கத்திலேயே வினைமுற்று நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். கோயில் வகுப்பில் என்னிடம் தமிழ் படிக்கிற வாண்டுகள் “சயாமா, நீ நாளைக்கு வருவியா?” என்று கேட்கும்போது கோபப்பட மாட்டேன், பர்மியப் பேச்சில் டீச்சரம்மா என்று பொருள்படும் அந்த ‘சயாமா’வே மரியாதை. டியூக்குக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆகவே ‘நீங்க’ என்றே ஓட்டினேன். 90-ஆம் பக்கத்தில் அந்தப் பெண் தனியாக வண்டி ஓட்டி, குடை சாயப் பார்த்தாள். டியூக் ஓடி வந்து கத்துகிறார். அந்த வேகத்தில் என் வாயில், “உனக்கு அறிவிருக்கா?” என்று வந்துவிட்டது.

அத்தை சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “என்ன சொன்னான்? உனக்காவா?”

திரும்பப் பெற முடியவில்லை. அடுத்த பக்கத்தில் எதுவும் நடக்காத மாதிரி ‘நீங்க’வுக்குப் போனேன். “பாத்தியா, பயந்துட்டான். மனசுல இருந்தது வெளிய வந்துருச்சு,” என்றார். புத்தகத்தில் இல்லாத ஒரு திருப்பம்! அதற்கப்புறம் டியூக் கதவைத் திறந்துவிட்டாலும், தேநீர் நீட்டினாலும், அத்தை கணக்கு வைத்தார்: “இன்னும் நீங்கதானா?”

நடுவில் தங்கைக்காரி காதலனோடு கிரெட்னா கிரீனுக்கு ஓடினாள். இங்கிலாந்தில் 1753-இல் வந்த சட்டப்படி 21 வயது ஆகாதவர்கள் லைசென்ஸ் வாங்கிக் கல்யாணம் பண்ண அப்பா சம்மதம் வேண்டும். எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக்குப் போனால் வேண்டாம். லண்டனிலிருந்து 300 மைலுக்கு மேல். “அவ்வளவு தூரம் சாரட்டுலயா? போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டுக்கும் சண்டை வந்திருக்கும்,” என்றார் அத்தை. எழுதியவருக்கும் அதே எண்ணம்தான் போலிருக்கிறது. பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார்கள்.

நேற்று ராத்திரி டியூக் பெண் கேட்கும் இடம். “என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?” என்று சொல்லப்போனேன். அத்தை கையை உயர்த்தி நிறுத்தினார்.

“பண்ணிக்கிறீங்களான்னு கேளு. அவ சரின்னு சொல்லட்டும், அப்புறம் நீ.”

“அவளும் அவனை நீன்னு சொல்லலாமா அத்தை?”

“அது எப்படி? அத்தான்னு கூப்பிடட்டும்.”

“இங்கிலீஷ் டியூக்கையா?”

“இங்க பர்மாக்காரிங்க ‘கோ’ன்னு கூப்பிடலையா? அண்ணன்னுதான் அர்த்தம். அதுக்கு அத்தான் எவ்வளவோ மேல்.”

இதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசிப்பதற்குள் கரண்டு வந்துவிட்டது. டியூக்கை முழங்காலில் விட்டுவிட்டுத் தண்ணீர் மோட்டார் போட ஓடினேன்.