கேஸ் மாற்றிய தேதி

ஃபிரிட்ஜில் ஒட்டும் விளம்பர அட்டைகள் இரண்டை எடுத்து, கறுப்புப் பக்கங்களைச் சேர்த்து வைத்து இழுத்துப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போகும். குறுக்கே இழுத்தால் டர்ர்ரென்று துள்ளித் துள்ளி நகரும். அந்தத் தகட்டுக்குள் வடதுருவமும் தென்துருவமும் கோடு போட்ட சட்டை மாதிரி மாறி மாறி ஓடுகின்றன. ஃபெரைட் என்ற காந்தப் பொருளின் பொடியை ரப்பரோடோ பிளாஸ்டிக்கோடோ பிசைந்து, சப்பாத்தி போலத் தேய்த்து, அப்புறம்தான் காந்தம் ஏற்றுகிறார்கள். கோடுகள் நெருக்கமாக இருப்பதால் இரும்பை ஒட்டியிருக்கும்வரை பிடி நன்றாக இருக்கும். நடுவில் கொஞ்சம் இடைவெளி விழுந்தாலும் பிடி சட்டென்று தளர்ந்துவிடும். தகடு சப்ளை செய்தவர் என் மேசையில் வைத்து இதைக் காட்டியபோது வேடிக்கையாகத்தான் பார்த்தேன். அடுத்த இரண்டு மாதம் இந்தக் குணத்தோடுதான் மல்லுக்கட்டப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

சென்னையில் ஒரு மாத இதழின் விளம்பரப் பிரிவில் தயாரிப்பு வேலை எனக்கு. விளம்பரதாரர் கேட்பதை அச்சகத்தில் செய்ய முடிகிற விஷயமாக மாற்ற வேண்டும். இலவச இணைப்பு எங்களுக்குப் புதிதில்லை. கோலப் புத்தகம், சமையல் குறிப்பு, அட்டையில் ஒட்டிய ஷாம்பு சாஷே எல்லாம் கொடுத்திருக்கிறோம்.

2010 செப்டம்பரில் ‘தி இந்து’விலும் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’விலும் ஃபோக்ஸ்வேகன் வென்டோ காருக்கு ஒரு பேசும் விளம்பரம் வந்தது. உள்ளே ஒட்டியிருந்த சிறு கருவி, தாளைப் பிரித்து வெளிச்சம் பட்டதும் பேச ஆரம்பிக்கும். அன்று காலை ஊரெல்லாம் அதே பேச்சு. அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருந்த எங்கள் விளம்பரதாரர் ஒருவர் வந்தார். “பேச எல்லாம் வேண்டாம். தூக்கிப் போட மனசு வராத மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க” என்றார். கூடவே கூப்பனும் வேண்டும் என்றார். காலி சாஷேக்களைக் கொடுத்தால் புதிய சிக் ஷாம்பு சாஷே இலவசம் என்ற பழைய திட்டத்தை எங்கள் தொழிலில் எல்லோரும் பாடம்போலச் சொல்வார்கள். அவரும் சொன்னார். திரும்பி வருவதை எண்ணிப் பார்க்கலாம், அதுதான் அவருக்கு முக்கியம்.

ஒரே அட்டையில் இரண்டையும் வைத்தோம். மேல்பாதியின் பின்னால் காந்தத் தகடு. கீழ்ப்பாதி வெறும் அட்டை, நடுவில் கிழிப்பதற்கான துளைவரிசை, அதாவது பர்ஃபரேஷன். கூப்பனைக் கிழித்துக்கொண்டு கடைக்கு வரலாம், காந்தம் வீட்டில் இருக்கும். முதல் லே-அவுட்டில் மேல்பாதி முழுக்கக் கடையின் பெயர், போன் நம்பர், ‘ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள்’ என்று ஒரு வரி.

அதை மாற்றியது பைண்டிங் பிரிவில் இருந்த ஒரு அக்கா. இணைப்புகளைக் கையால் செருகும் பெண்களில் அவர்தான் மூத்தவர். மாதிரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்க வீட்ல ஃபிரிட்ஜ் இல்ல தம்பி. பீரோதான் இருக்கு.”

“பீரோல ஒட்டுமேக்கா.”

“ஒட்டும். எதுக்கு ஒட்டணும்? கேஸ் மாத்துன தேதி எழுதுறதுக்கு ஒரு கட்டம் போட்டுக் குடுங்க. நான் காலண்டர்ல எழுதி வெச்சா, தாள் கிழிக்கிறப்ப அதுவும் போயிடுது.”

சிலிண்டர் மாற்றிய நாள் தெரியாமல் தவிக்காத வீடு ஏது? அன்று மாலையே கட்டம் போட்டேன். விளம்பரதாரருக்கு மனமில்லை, அவர் பெயருக்கு இடம் குறைகிறது. இரண்டு நாள் பேசிச் சம்மதிக்க வைத்தேன். ‘ஃபிரிட்ஜில்’ என்ற வரியையும் எடுத்தேன். அப்புறம் பளபளப்பு லேமினேஷன் போட்ட மாதிரி வந்தது. அதில் பால்பாயிண்ட் பேனா வழுக்கியது, பென்சில் பதியவே இல்லை. கட்டம் இருந்து எழுத முடியாவிட்டால் அது என்ன கட்டம்? லேமினேஷனே வேண்டாம் என்று முடிவு செய்தோம். எண்ணெய்க் கை பட்டால் அழுக்காகும்தான். ஆகட்டும் என்று விட்டோம்.

தகட்டின் கனத்தில்தான் நான் தப்பு செய்தேன். சப்ளையர் முதலில் காட்டியது 0.75 மில்லிமீட்டர் தகடு, பிடி பிரமாதம். விலையையும் எடையையும் பார்த்து, சோதிக்காமலே 0.3 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மாதிரி வந்ததும் அலுவலக பீரோவில் ஒட்டினேன், நின்றது. நான்காக மடித்த ஒரு மருந்துச் சீட்டை அடியில் வைத்தேன். சீட்டும் அட்டையும் சேர்ந்து தரைக்கு வந்தன. தன்னைத் தாங்கும், வேறெதையும் தாங்காது. வீட்டில் யாரும் காந்தத்தைச் சும்மா ஒட்டி வைப்பதில்லை, எதையாவது பிடித்து வைக்கத்தான் ஒட்டுகிறார்கள். ஆர்டரை நிறுத்தி 0.5க்கு மாற்றினோம். ஒரு தகடு ஏறக்குறைய 10 கிராம் வந்தது. 40,000 பிரதிக்கு 400 கிலோ காந்தம்.

அந்த 10 கிராம் தபாலில் இடித்தது. பதிவு பெற்ற பத்திரிகைக்குச் சலுகைக் கட்டணம் உண்டு, ஆனால் எடை ஏறினால் கட்டணமும் ஏறும். தவிர, அப்போது நடப்பில் இருந்த 1898ஆம் வருஷத்து அஞ்சல் சட்டப்படி, இணைப்பும் பத்திரிகையின் பகுதியாகக் கணக்காக வேண்டுமானால் அதில் பெரும்பகுதி பத்திரிகைச் செய்தி போல இருக்க வேண்டும், ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் இதழின் பெயரும் தேதியும் அச்சாகியிருக்க வேண்டும் என்று இருந்தது. காந்தத் தகட்டை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கடைசியில் சந்தாதாரர் பிரதிகளில் கூப்பனை மட்டும் பக்கத்தில் அச்சிட்டு, காந்தம் வேண்டாம் என்று மேலிடத்தில் முடிவானது. வருஷக்கணக்காகப் பணம் கட்டி வாங்குபவர்களுக்கு இல்லை, கடையில் ஒரு தடவை வாங்குபவருக்கு உண்டு. எனக்கு இன்றும் அது உறுத்துகிறது. சந்தாதாரர்கள் சிலர் கடிதம் எழுதிக் கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம்.

அச்சகத்தில் நான் நினைத்துப் பார்க்காததெல்லாம் நடந்தது. ஃபெரைட் பொடி கத்தியைத் தின்னும், கட்டிங் மிஷின்காரர் இரண்டே நாளில் பிளேடைச் சாணைக்கு அனுப்பினார். வெட்டிய அட்டைகள் மிஷினின் இரும்பு மேடையை விட்டு வர மறுத்தன, மேடையில் பலகை போட்டுத்தான் வேலை நடந்தது. இதழுக்குள் போன பிறகு அந்தத் தொல்லை இல்லை. நடுவில் அத்தனை பக்கங்கள் இருப்பதால் ஓர் இதழின் காந்தம் அடுத்ததை இழுக்காது. ஆனால் எல்லா இதழும் ஒரே இடத்தில் உப்பியிருந்ததால் கட்டுகள் சாய்ந்தன. பத்துப் பத்தாகத் தலைமாற்றி அடுக்கிக் கட்டினார்கள்.

செருகும் வேலை தொடங்கிய முதல் நாள் மதியம் அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஓர் அட்டையைத் திருப்பி என் முன்னால் நீட்டினார். கறுப்புப் பக்கத்தில் மீசை மாதிரி எதோ ஒட்டியிருந்தது. சென்டர் பின் அடிக்கும் மிஷினிலிருந்து சிதறும் கம்பித் துணுக்குகள், கண்ணுக்குத் தெரியாமல் மேசையெல்லாம் கிடந்தவை. “இதோட ஒட்டினா ஃபிரிட்ஜ் கதவு என்னாவும்?” என்றார். அவர் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. வேலையை நிறுத்தி, பின் மிஷினிலிருந்து தள்ளி வேறு ஹாலுக்கு மேசைகளை மாற்றினோம். ஏற்கெனவே செருகியிருந்தவற்றை வெளியே எடுத்து, ஒவ்வொன்றின் முதுகையும் ஈரத்துணியால் துடைத்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தத் துணிகளை உதறியபோது தரையில் மினுக் மினுக்கென்று மின்னியது. ஓவர்டைம் பில்லை எழுதி மேலதிகாரியிடம் நானே எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கினேன். அந்தப் பணம் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததில் எனக்கு இன்றும் திருப்தி உண்டு.

இதழ் வந்தது. கூப்பனுக்குக் கெடு ஒன்றரை மாதம். கடையில் சேர்ந்த கூப்பன்களை விளம்பரதாரர் எண்ணிப் பார்த்தார், எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. “காந்தத்துக்குப் போட்ட காசுக்கு ரெண்டு முழுப்பக்கம் குடுத்திருக்கலாம்” என்றார். நான் காந்தத்துக்காகப் பேசினேன். அது வீட்டில் இருக்கும், தினமும் கண்ணில் படும் என்றேன். “எத்தனை வீட்ல இருக்கு?” என்று கேட்டார். கூப்பன் திரும்பி வந்தால் எண்ணலாம். காந்தம் வீட்டில் தங்கத்தான் செய்தோம், தங்கியதை யார் போய் எண்ணுவது? அடுத்த முறை அவர் கூப்பன் மட்டும் போட்டார்.

அதற்கு ஆறேழு வருஷம் கழித்துத் தாம்பரத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். ஃபிரிட்ஜ் புதிது, கண்ணாடிக் கதவு, காந்தம் ஒட்டாது. தண்ணீர் கேட்டுவிட்டு அறைக்குள் உட்கார்ந்தபோது இரும்பு பீரோவின் பக்கவாட்டில் எங்கள் அட்டை இருந்தது. மஞ்சளும் சிவப்பும் வெளுத்து, நீலம் மட்டும் மிஞ்சி, கடையின் பெயர் பாதிதான் தெரிந்தது. கீழே கூப்பன் கிழிந்திருந்தது. அட்டைக்கு அடியில் பெரியப்பாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டு, மூன்றாக மடித்து.

“கூப்பனக் கடைக்குக் கொண்டு போனீங்களா பெரியம்மா?”

“எந்தக் கூப்பன்?”

கட்டத்தில் பென்சிலால் எழுதி, ரப்பரால் அழித்து, மறுபடி எழுதி, தாள் சாம்பல் பூத்துக் கிடந்தது. அதன் மேல் அந்த மாதத்துத் தேதி ஒன்று அழுத்தமாக எழுதியிருந்தது.