ஈரமானி: ஒரு செப்டம்பர் நாட்குறிப்பு

செப்டம்பர் 3

பழைய பலகைகளைக் கழற்றத் தொடங்கினோம். மேலே நின்று பார்க்கிறவருக்கு வீட்டை ஒட்டிய இந்த மரத்தளத்தில், அதாவது டெக்கில், பெரிய குறை எதுவும் தெரியாது. சாயம் வெளுத்திருக்கிறது, இரண்டு பலகைகள் முறுக்கிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். அடியில் தவழ்ந்து போய், கதவுக்கு நேர் கீழே, சுவரையொட்டி டெக்கின் ஒரு விளிம்பைத் தாங்கும் லெட்ஜர் பலகையில் குத்தூசியை அழுத்தினேன். கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. நல்ல மரமாக இருந்தால் ஊசியை நெம்பும்போது நீளமான சிராய் எழும்பும். இங்கே எழும்பியது சிராய் அல்ல; பழுப்பு நிறத்தில், விரலுக்கிடையே நசுங்கக்கூடிய சிறு சிறு கட்டிகள். அந்தப் பலகையை வீட்டோடு பிடித்துக்கொண்டிருந்தவை வெறும் ஆணிகள்; ஒரு போல்ட் கூடக் கண்ணில் படவில்லை. பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் எல்லாம் இந்தத் தளத்தில்தான் நடக்கும் என்று வீட்டுக்கார அம்மாவின் மகன் சொல்லியிருந்தார்.

செப்டம்பர் 4

மழை. தார்ப்பாயை மூடிவிட்டுத் திரும்பினோம்.

செப்டம்பர் 5

அந்த ஆணிகளைப் பற்றிய நினைவு போகமாட்டேன் என்கிறது. பாரம் நேர் கீழே இறங்கும்வரை ஆணி தாங்கும். வெளிப்பக்கமாக இழுபட்டால், போன வழியிலேயே திரும்பி வரும். கூட்டமாக நிற்பவர்கள் ஒரே நேரத்தில் கிராதிப் பக்கம் நகர்ந்தாலும் சேர்ந்து ஆடினாலும் அந்த இழுப்பு உண்டாகிறது. இத்தகைய தளம் மெல்லச் சாய்ந்து எச்சரிக்கை தருவதில்லை. வீட்டுப் பக்கத்து விளிம்பு ஒரே நொடியில் கழன்று, மேலே நின்றவர்கள் எல்லாரும் சுவரை நோக்கிச் சரிந்து விழுகிறார்கள். அமெரிக்கக் குடியிருப்புகளுக்கான மாதிரிக் கட்டட விதி, பிடுங்கும் விசைக்கு உட்படும் ஆணிகளை நம்பி டெக்கை வீட்டோடு இணைக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அரை அங்குலப் பருமனுள்ள போல்ட்டோ, லாக் எனும் கனத்த மரத்திருகாணியோ, மேலும் கீழுமாக மாற்றி மாற்றி இரண்டு வரிசையில் வர வேண்டும்.

2015 ஜூனில் கலிஃபோர்னியாவின் பெர்க்கிலியில் ஒரு குடியிருப்பின் மேல்மாடித் தளம் இடிந்து ஆறு இளைஞர்கள் இறந்தார்கள். அது லெட்ஜரில் தொங்கிய தளம் அல்ல, கட்டடத்துக்குள்ளிருந்து வெளியே நீட்டப்பட்ட சட்டங்களின் மேல் நின்ற தளம். ஆனாலும் காரணம் ஒன்றுதான்: உள்ளே புகுந்த தண்ணீருக்கு வெளியேற வழியில்லாமல், சட்டங்கள் மக்கிப்போயிருந்தன. மேலே இருந்த பூச்சு ஒழுங்காகவே தெரிந்திருக்கும்.

செப்டம்பர் 7

மகன் தொலைபேசியில் அழைத்தார். விழுந்து சிகிச்சையில் இருக்கும் அம்மாவுக்கு நடைப்பயிற்சி தொடங்கிவிட்டார்களாம். மாதக் கடைசிக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். படிகளை எடுத்துவிட்டுச் சரிவுப்பாதை கட்டித்தர முடியுமா என்று கேட்டார். தளம் தரையிலிருந்து 34 அங்குல உயரத்தில் இருக்கிறது. ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது கணக்கு. ஆகவே 34 அடி சரிவு, அதுவும் ஒரே ஓட்டமாக வராது, 30 அங்குலம் ஏறுவதற்குள் சமதளம் ஒன்று வைத்து மூச்சு வாங்க இடம் கொடுக்க வேண்டும். பின்தோட்டத்தின் நீளமே அவ்வளவு இல்லை. திருப்பிக் கட்டலாம், ஆனால் அப்போது வேலியோரம் முழுவதும் மரமாகிவிடும். யோசித்துச் சொல்வதாக அவர் சொன்னார், நானும் அதையே சொன்னேன். யோசிக்க நாள் குறைவாக இருப்பதை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

செப்டம்பர் 8

ஈரமானி: மரத்தில் ஈரம் 31 விழுக்காடு.

செப்டம்பர் 10

சுவரின் வெளிப்போர்வையான சைடிங்கைக் கழற்றினோம். லெட்ஜருக்கு மேல், தண்ணீரை வெளியே திருப்பிவிடும் ஃப்ளாஷிங் தகடு வைக்கவே இல்லை. பல ஆண்டுகளாகக் கதவு நிலையிலிருந்து வழிந்த தண்ணீர் லெட்ஜருக்கும் சுவருக்கும் நடுவே இறங்கி, அங்கேயே தங்கி, கடைசியில் வீட்டுத் தளத்தின் விளிம்புச் சட்டமான ரிம் ஜாய்ஸ்ட்டையே தின்றிருக்கிறது. லெட்ஜர் போனால் டெக் போகும், அத்தோடு முடிந்தது; ரிம் ஜாய்ஸ்ட் போனால் அதன் மேல் நிற்கிற சுவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். மரம் மக்குவதற்கு வயது காரணமல்ல. பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் முப்பது விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் அது தழைக்கும், இருபதுக்குக் கீழே வைத்திருந்தால் தலையெடுக்காது. நேற்று முன்தினம் ஈரமானியில் அந்த எண்ணைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

நிலவறையில் தற்காலிகச் சுவர் ஒன்றை எழுப்பி, அதற்கு மேலுள்ள தளத்தின் சட்டங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, ரிம் ஜாய்ஸ்ட்டைச் சிறு சிறு பகுதியாக அறுத்து மாற்றுவது என்று முடிவு செய்தேன். புதிய டெக்கை வீட்டோடு இணைக்கப்போவதில்லை. அது தன் சொந்தக் கால்களில் நிற்கட்டும். என்னோடு வேலை செய்யும் தம்பிக்கு இதில் மனமில்லை. நான்கு கால் கூடுதலாக ஊன்ற வேண்டுமே, குழி வெட்ட வேண்டுமே என்கிறான். வெட்டத்தான் வேண்டும். நாற்பது, ஐம்பது ஆண்டு பழைய வீட்டின் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதை முழுவதும் திறந்து பார்க்காமல் அதில் பாரத்தைத் தொங்கவிடுவது எனக்கு ஒருபோதும் ஒப்பாது. செங்கல் முகப்புள்ள வீடுகளில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. அந்தச் செங்கல் ஒப்பனைக்கு நிற்பது, அதன்மேல் டெக்கை மாட்டக் கூடாது.

செப்டம்பர் 11

அடித்தளச் சுவரை ஒட்டிய மண்ணைத் தோண்டினால், மண்வெட்டி தடையில்லாமல் இறங்குகிறது. வீடு கட்டியபோது பள்ளத்தை நிரப்பிய மண் அது. எத்தனை ஆண்டானாலும் கன்னி மண்ணின் இறுக்கம் அதற்கு வராது. குளிர்காலத்தில் மண் உறையும் ஆழத்தைத் தாண்டித் தோண்டுவது என்ற கணக்கு வெளிப்பக்கக் குழிகளுக்குப் போதும். வீட்டை ஒட்டிய குழிகள் கலையாத மண்ணைத் தொடும்வரை போயாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கால்கள் மட்டும் மெல்ல அமிழ்ந்து, தளம் வீட்டுப் பக்கம் சாய்ந்து, மழைத்தண்ணீரை மறுபடியும் கதவடிக்கே கொண்டுவந்து சேர்க்கும்.

செப்டம்பர் 12

கட்டட ஆய்வாளர் வரவில்லை. குழிகளில் தண்ணீர்.

செப்டம்பர் 13

இன்றும் வரவில்லை. குழியின் அடி மண்ணைப் பார்க்காமல் கான்கிரீட் ஊற்ற அவர்கள் விடமாட்டார்கள், அது நியாயமும்கூட. சும்மா இருக்க முடியாமல் பழைய மரத்தைத் தரம் பிரித்து அடுக்கினோம். பச்சை சாயல் இன்னும் மாறாத சட்டங்கள் அவை; மக்காமலிருக்கச் செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் மருந்தாக ஏற்றப்பட்டவை. 2003 முடிவோடு அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அந்த மரத்தைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரம் வந்து, குளிர்காய எரிக்கலாமே, நாலு கட்டை கொடுங்கள் என்று கேட்டார். புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக் இருக்கும் என்று சொன்னதும், போன ஆண்டு எரித்தேனே என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இதை அறுக்கும்போது முகமூடி இல்லாமல் நிற்கக் கூடாது என்று தம்பியிடம் காலையில்தான் கண்டித்துச் சொல்லியிருந்தேன்.

இப்போது வரும் மரத்தில் ஆர்செனிக் இல்லை, ஆனால் செம்பு அதிகம். அது சாதாரண ஆணியை அரித்துவிடும், அலுமினியத் தகட்டையும் விட்டுவைக்காது. உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஆணி, இல்லையென்றால் துருப்பிடிக்காத எஃகு. இரண்டையும் ஒரே மூட்டில் கலக்கவும் கூடாது.

செப்டம்பர் 15

ஆய்வாளர் நாளை மறுநாள் வருவாராம். அதுவரை வேலி.

பெரியவரின் பக்கத்து வேலி ஒரு முழ அளவுக்குச் சாய்ந்து நிற்கிறது. வேலிக்கால்களை ஆட்டிப் பார்த்தால், எல்லாமே தரைமட்டத்தில்தான் போயிருக்கின்றன. முழங்கால் உயரத்தில் மரம் கல்லாக இருக்கிறது. கடப்பாரையால் கிளப்பியெடுத்த அடித்துண்டு, ஈரமாக இருந்தாலும், கெட்டியாகவே இருக்கிறது. நடுவில் ஒரு சாண் அளவுக்கு மட்டும் விரலால் கிள்ளி எடுக்கலாம். ஆழத்தில் ஈரம் உண்டு, காற்றில்லை. மேலே காற்று உண்டு, ஈரம் தங்காது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் பூஞ்சைக்கு விருந்து. போதாக்குறைக்கு, யாரோ காலைச் சுற்றிக் கான்கிரீட்டைத் தரைமட்டத்துக்குக் கீழேயே நிறுத்தி, அதன் மேல் மண்ணைத் தள்ளியிருக்கிறார்கள். மரம் காய்ந்து சுருங்கியதும் கான்கிரீட்டுக்கும் காலுக்கும் நடுவே ஒரு விரிசல் வந்து, ஒவ்வொரு மழையும் அதில் நின்றிருக்கிறது.

பெரியவர் இன்னும் கூடுதலாகக் கான்கிரீட் போட்டால் அசையாது என்கிறார். அவரிடம் பொறுமையாகவே பேசினேன். காலின் மொத்த நீளத்தில் மூன்றிலொரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். அடியில் சரளை, வழிந்து இறங்கத் தண்ணீருக்கு இடம். கான்கிரீட் போட்டால் அது தரைக்கு மேலே சற்று எழும்பி, நான்கு பக்கமும் வெளிநோக்கிச் சரிய வேண்டும். மேல்பக்கம் அகன்று காளான் வடிவில் நின்றால் உறைபனி அதைப் பிடித்துத் தூக்கிவிடும். ஆலையிலிருந்து வந்த முனையை மண்ணுக்குள் இறக்கி, நாம் அறுத்த முனையை மேலே வைக்க வேண்டும், ஏனென்றால் மருந்து மரத்தின் நடு வரைக்கும் ஏறியிருக்காது. அறுத்த முனைக்கு நாமே மருந்து பூசலாம், பூசத்தான் வேண்டும், ஆனால் அது ஆலையில் அழுத்தி ஏற்றிய மருந்துக்கு ஈடாகாது.

அவருடைய கதவும் தொங்கிப் போயிருக்கிறது. குறுக்கு முட்டு தலைகீழாக அடிக்கப்பட்டிருக்கிறது: கீல் பக்கத்து மேல்மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்து அடிமூலைக்கு. அந்தத் திசையில் கம்பி வடம் கட்டினால் இழுத்துப் பிடிக்கும். மரமாக இருந்தால் கீல் பக்கத்து அடிமூலையிலிருந்து மேல்நோக்கிப் போக வேண்டும். அழுத்தத்தைத் தாங்குவதுதான் மரமுட்டின் வேலை. இதைச் சரிசெய்ய அரை மணி நேரம் கூட ஆகாது. பல ஆண்டுகளாக அவர் அந்தக் கதவைத் தூக்கித் தூக்கித்தான் திறந்துகொண்டிருக்கிறார்.

செப்டம்பர் 16

ஈரமானி: 26. மின்விசிறியை இரவும் ஓடவிட்டிருக்கிறோம்.

செப்டம்பர் 17

ஆய்வாளர் வந்தார், கம்பியால் குழியின் அடியைக் குத்திப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், போய்விட்டார். தண்ணீரை இறைத்து, அடியிலிருந்த சேற்றைச் சுரண்டியெடுத்த பிறகே ஊற்றினோம். மாலையில் மேகம் கூடியது, பெய்யவில்லை.

செப்டம்பர் 19

தூண்களைக் கான்கிரீட்டுக்குள் புதைக்கவில்லை. இரும்புப் பாதத்தின் மேல் ஓர் அங்குலம் தூக்கி நிறுத்தினோம். வீட்டைத் தொடாத தளம் என்பதால் பக்கவாட்டு ஆட்டத்துக்குத் தூணிலிருந்து உத்திரத்துக்கு மூலைமுட்டுகள் வேண்டும். தம்பி நாலு பக்கமும் தள்ளிப் பார்த்துவிட்டு, அசையவில்லை என்றான். முட்டுகளின் போல்ட்டை இறுக்கும் முன்னும் இதே சோதனையைச் செய்யச் சொல்லியிருந்தேன். வேறுபாடு அவனுக்கே தெரிந்தது.

செப்டம்பர் 20

அம்மாவே பேசினார். குரல் நான் நினைத்ததைவிட உறுதியாக இருந்தது. சரிவுப்பாதையெல்லாம் வேண்டாமாம்; பயிற்சியில் படியேறத்தான் பழக்குகிறார்களாம்; இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள இருந்தால் போதுமாம். ஒரு படி மட்டும் குட்டையாக இருக்குமே, அதைச் சரிசெய்துவிடுங்கள் என்றார். அவர் சொன்னது உண்மை. பழைய படிகளில் கடைசிப் படி மற்றவற்றைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் குறைவு. அடியில் மண் ஏறி உயர்ந்துவிட்டது. படிகளுக்கிடையே வேறுபாடு முக்கால் அங்குலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது விதி. கால் ஒரு தாளத்துக்குப் பழகிவிடும், அது மாறும் இடத்தில் இடறும். அவர் விழுந்தது அங்கேயா என்று கேட்க நா எழவில்லை.

34 அங்குலத்தை ஐந்தாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஏழுக்குச் சற்றுக் குறைவு; விதிக்கு அது போதும். நான் ஆறாகப் பிரிக்கப்போகிறேன். ஐந்தரைக்குக் கொஞ்சம் மேல், மிதிபலகை பன்னிரண்டு அங்குலம். அம்மாவின் முழங்காலுக்கு விதி தெரியாது.

செப்டம்பர் 21

ஈரமானி: 22. மகன் சரிவுப்பாதை பற்றி மறுபடியும் கேட்டார். அம்மாவிடம் பேசுங்கள் என்றேன்.

செப்டம்பர் 23

கிராதித் தூண்கள். பழைய தூண்களின் அடியைப் பாதியாகச் செதுக்கி விளிம்பில் பதித்திருந்தார்கள். செதுக்கிய மூலையிலிருந்து மரத்தின் ஓட்டத்தோடு விரிசல் ஓடியிருந்தது. உச்சியில் எந்தத் திசையில் தள்ளினாலும் 200 பவுண்டு விசையைக் கிராதி தாங்க வேண்டும். 36 அங்குல உயரத்தில் அந்த விசை விழும்போது, அடியில் ஐந்தங்குல இடைவெளியில் இருக்கும் போல்ட்டில் அது ஏழெட்டு மடங்காகப் பெருகுகிறது. விளிம்புச் சட்டத்தோடு மட்டும் பிடித்தால் சட்டமே புரண்டு வரும். இரும்புப் பிடிப்பு ஒன்றை வைத்து உள்ளே பலகைகளைத் தாங்குகிற ஜாய்ஸ்ட் சட்டத்தோடு கோத்துவிட்டோம். செங்குத்துக் கம்புகளுக்கிடையே நாலங்குலப் பந்து நுழையக் கூடாது. அம்மாவுக்கு அது வேண்டியதில்லை, கொள்ளுப்பேத்திக்கு வேண்டும்.

தம்பி பலகைகளுக்கிடையே ஆணிப் பருமன் இடைவெளி விடத் தொடங்கினான், நிறுத்தச் சொன்னேன். இந்தப் பலகைகள் இன்னும் மருந்தின் ஈரத்தோடு இருக்கின்றன. ஒட்டிப் போட்டாலும் காய்ந்து சுருங்கும்போது இடைவெளி தானாக வந்துவிடும். இப்போதே விட்டால் அடுத்த கோடையில் ஊன்றுகோலின் முனை அதில் இறங்கும்.

செப்டம்பர் 24

ஈரமானி: 18. மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தேன்: 18, 17, 18. சைடிங்கை மூடலாம். மூடுவதற்கு முன் தம்பியைக் கதவுநிலையில் குழாயைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நான் கீழே படுத்துக்கொண்டேன். தண்ணீர் புதிய தகட்டின் விளிம்புக்கு வந்து, சுவரைத் தொடாமல், வெளியே சொட்டியது. இன்னும் கொஞ்ச நேரம் பிடி என்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டான். நான் சொல்லும்வரை என்றேன்.

செப்டம்பர் 25

நாளைக் காலையிலேயே அழைத்து வருகிறார்களாம். ஆய்வாளரின் கடைசிப் பார்வை பிற்பகலில்தான். இடப்பக்கக் கைப்பிடி ஏறிவிட்டது, வலப்பக்கம் பாதி நிற்கிறது. இரண்டின் முனைகளும் தூணை நோக்கி உள்ளே திரும்பி முடிய வேண்டும், நீட்டிக்கொண்டிருந்தால் சட்டைக்கை மாட்டி இழுக்கும். ஆறு மணிக்கு வெளிச்சம் வந்துவிடும். தம்பி ஐந்தரைக்கே வருவதாகச் சொல்லியிருக்கிறான். உப்புத்தாளும் அவனே கொண்டுவருகிறான். முதல் வேலை வலப்பக்க முனை, பிறகு கீழ்ப்படியடியில் சரளை