சனிக்கிழமை செல்லோ கேட்க வாருங்கள்

வரும் சனிக்கிழமை சாயங்காலம் மயிலாப்பூரில் ஒரு சின்ன ஹாலில் செல்லோ கச்சேரி. வயலின் குடும்பத்தில் பெரிசு, உட்கார்ந்துகொண்டு வில்லால் வாசிக்கும் வாத்தியம் செல்லோ. மறுநாள் காலை அங்கேயே பயிற்சிப் பட்டறை. மைக் கிடையாது, முன்வரிசைக்குச் சீக்கிரம் வந்துவிடுங்கள். மந்தரத் தந்தியில் வில் இழுபடும்போது அந்த அதிர்வு நாற்காலி வழியாக முதுகில் ஏறும். எந்த ஸ்பீக்கரும் அதைத் தராது.

கர்நாடக வயலின்காரர்கள் அவசியம் வரணும். நாம் ஸ-ப-ஸ-ப என்று சுருதி கூட்டுகிறோம். செல்லோவில் நாலு தந்தியும் அடுத்தடுத்துப் பஞ்சம இடைவெளியில், அதாவது ஸ-விலிருந்து மேலே ப வரைக்குமான தூரத்தில். ஸ்வரங்களுக்கு நடுவே தூரம் அதிகம், ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகத்துக்குக் கையே நகரணும். அந்த இழைவுக்கு இதைவிடத் தோதான மேற்கத்திய வாத்தியம் கிடையாது என்பது என் கட்சி.

வாத்தியம் கொண்டுவருகிறவர்கள் நாற்காலிக் காலில் மாட்டும் பட்டையையும் எடுத்துவாருங்கள். மொசைக் தரையில் செல்லோவை ஊன்றும் கீழ்முனைக் கம்பி வழுக்கும். இந்தப் புழுக்கத்தில் சுருதியும் கலையும், அரைமணி முன்பே வந்தால் நல்லது.